பூச்சியத்தில் முடியவேண்டிய கட்டு

கசினோ ஒன்றின் வாசலைக்கூட நான் மிதித்ததில்லை. மிதிக்கும் ஆசையும் இல்லை. கொழும்புக்கு என் வாழ்நாளில் எட்டுத் தடவை போயிருந்தால் அதிகம். எல்லாம் பாஸ்போட் அலுவல், கண் ஆஸ்பத்திரி, யாரையோ விமானம் ஏற்றிவிடுவது என்ற வகைதான். அப்படிப்பட்ட நான் ஐம்பத்தெட்டாவது வயதில், வட்டக்கச்சியில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு, பிளாக்ஜாக்கில் காட்ஸ் எண்ணும் முறை ஒன்றை ஒரு பள்ளிக்கூட விடுமுறை முழுக்கப் படித்தேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு அப்போது நான் சொன்ன பதில்கள் எல்லாம் பொய். பொழுதுபோக்கு என்றேன். மூளைக்கு நல்லது என்று போனில் சொன்னார்கள் என்றேன். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம்.

நான் பள்ளிக்கூட வான் ஓட்டுகிறவன். காலையில் வாய்க்கால் றோட்டுகளில் பிள்ளைகளை ஏற்றிக் கிளிநொச்சி ரவுணில் இறக்கி, பள்ளிக்கூடம் விட்டதும் திரும்ப ஏற்றி வருவேன். இரண்டு வருடமாகப் பதினாறு பிள்ளைகள். அந்த வருடம் இரண்டாம் தவணை தொடங்கியபோது ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி சேர்ந்தாள், பதினேழானது. ஏறும்போது எண்ணுவேன், இறங்கும்போதும் எண்ணுவேன். விரல் மடக்குவதோ வாய் அசைப்பதோ இல்லை, மனதுக்குள்தான். அதில் எனக்கு ஒரு தலைக்கனமும் இருந்தது.

அந்தத் தவணையின் கடைசிக் கிழமை. கடைசித் தரிப்பான வாய்க்கால் சந்தியில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வானை வேம்பின் கீழ் விட்டுவிட்டு, கை கழுவிச் சாப்பிட இருந்தேன். மனைவி இரண்டாம் தரம் சோறு போடும்போது முற்றத்தில் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது. தேங்காய் விழுந்திருக்கும் என்று நான் சொன்னேன். அவள் நம்பவில்லை, எழுந்து போய்ப் பார்த்தாள். வானின் பின்கண்ணாடியில் இரண்டு சின்னக் கைகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைதான். பின்சீற்றில் புத்தகப் பைகளுக்கு நடுவே நித்திரையாகிவிட்டாள். இரண்டு யன்னல்கள் அரைவாசி திறந்திருந்தபடியால் தப்பியது. சட்டை முழுக்க வியர்வை. என் மனைவி அவளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய் முகம் கழுவித் தண்ணீர் கொடுத்தாள். நான் எச்சில் கையோடு முற்றத்தில் நின்றேன். 

சந்தியில் பிள்ளையைக் காணாத தாய் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கச்சான் தோட்டத்தில் களை பிடுங்கிவிட்டு வந்தவர். கையில் மண் காயவில்லை. கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பிள்ளையின் தலையைத் தடவிப் பார்த்தார், கையைக் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லவேண்டும்போல் இருந்தது.

"எண்ணினனான் தங்கச்சி. சரியாத்தான் இருந்தது," என்றேன்.

அவர் பிள்ளையைச் சைக்கிளின் பின்கரியரில் இருத்திக்கொண்டு போனார். அடுத்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போனது. ரவுணுக்கு எவ்வளவு தூரம் என்று வட்டக்கச்சியில் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும். காலையில் அவர்களைக் கடந்து போகும்போது நான் வேகத்தைக் குறைப்பேன். அவர் திரும்பிப் பார்க்கமாட்டார்.

மற்றப் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பத்தான் செய்தார்கள். வேறு வான் இல்லை. ஆனால் வீட்டில் மனைவி ஒன்று சொன்னாள். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் மோசம்.

"உங்கட அப்பாவுக்கும் இப்பிடித்தானே துவங்கினது."

என் அப்பா அறுபது தாண்டியதும் மறக்கத் தொடங்கியவர். ஒரு நாள் மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி தன் வயலிலேயே நின்று, இது யாருடைய வயல் என்று என்னைக் கேட்டார். இன்னொரு நாள் சாப்பிட்டுவிட்டுச் சாப்பிடவில்லை என்று சண்டை பிடித்தார். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதம். அந்த வியாதி எனக்கும் வந்திருந்தால் நான் வானின் ஸ்டியரிங்கில் கை வைக்கக்கூடாது. அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. ஆனால் வந்திருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டொக்டரிடம் போகச் சொன்னாள் மனைவி. டொக்டர் இன்றைக்கு என்ன கிழமை, நூறிலிருந்து ஏழைக் கழித்துக்கொண்டு போ என்று கேட்பார். நான் சொல்லிவிட்டு வருவேன். அப்பாவும் முதல் இரண்டு தடவை அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தார்.

எனக்குக் காட்ஸ் என்றால் பைத்தியம். எங்கள் சனசமூக நிலையத்தில் ஞாயிறு தவறாமல் முந்நூற்று நாலு என்ற காட்ஸ் ஆட்டம் ஆடுகிறவன். அது தெரிந்தோ என்னவோ, என் போன் ஓயாமல் காட்ஸ் வீடியோக்களாகக் காட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒருநாள் ஒருவன் முழுக் கட்டையும் ஒவ்வொரு தாளாகப் போட்டுக்கொண்டே மனதுக்குள் எண்ணி, கடைசித் தாளில் "பூச்சியம்" என்றான். கட்டு முழுமையாக இருந்தால், எண்ணியது சரியாக இருந்தால், கணக்குப் பூச்சியத்தில் முடிந்தே ஆகும் என்றான். முடியாவிட்டால் பிழை எண்ணினவனுடையது.

நான் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எனக்கு வேண்டியது இதுதான். யாரும் பக்கத்தில் நின்று புள்ளி போடத் தேவையில்லை, ஏமாற்றவும் முடியாது. பூச்சியம் வந்தால் தலை சரி, வராவிட்டால் பிழை.

அன்றைக்கே மனைவியிடம் சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முதல் நாளுக்குள், தொடர்ந்து பத்துத் தடவை, ஒரு பிழையில்லாமல் கட்டை எண்ணி முடிப்பேன். முடியாவிட்டால் வான் திறப்பை உன் தம்பியிடம் கொடுத்துவிடுவேன். அவளுடைய தம்பி, என் மச்சான், நல்ல மனுசன்தான். ஆனால் அவன் ஓட்டினால் குழியும் மேடும் வானுக்குத்தான் தெரியும், அவனுக்குத் தெரியாது. இதைவிடப் பெரிய தண்டனை என் வானுக்கு நான் கொடுக்க முடியாது.

முதல் வேலை முறையைத் தெரிவுசெய்வது. ஒன்றல்ல, பல இருந்தன. ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி மூன்றை எழுதிக்கொண்டேன்.

பிளாக்ஜாக் தெரியாதவர்களுக்கு ஒரு சொல்: இருபத்தொன்றைத் தாண்டாமல் அதற்குக் கிட்டப் போகிறவன் வெல்வான். கட்டில் பெரிய தாள்கள் மிஞ்சிக் கிடந்தால் விளையாடுகிறவனுக்கு வாய்ப்பு, சின்னவை மிஞ்சிக் கிடந்தால் தாள் பகிர்கிறவனுக்கு வாய்ப்பு. அதனால் சின்னத் தாள் போனால் கூட்டுவார்கள், பெரிய தாள் போனால் கழிப்பார்கள். எதற்கு எவ்வளவு என்பதில்தான் முறைக்கு முறை வேறுபாடு.

நான் முதலில் தெரிவுசெய்தது ஒமேகா என்ற கடினமான முறை. தொடங்குகிறவர்கள் இதைத் தொடவேண்டாம் என்று வீடியோவில் தெளிவாகவே சொன்னார்கள். வேண்டாம் என்று சொன்னால் நான் தொடுவேன், அது என் பிறவிக் குணம். ஆனால் வேறொரு காரணமும் இருந்தது. முந்நூற்று நாலில் ஜாக்கும் ஒன்பதும்தான் ராசாவும் மந்திரியும். ஜாக்குக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது. கையில் ஒன்பது வந்தால் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளும். நாற்பது வருடத் துள்ளல் அது. மற்ற இரண்டு முறைகளிலும் ஒன்பதுக்குப் பெறுமதியே இல்லை, பூச்சியம். ஒமேகாவில் கழித்தல் ஒன்றாவது கொடுத்திருந்தார்கள். அதற்காகவே அதை எடுத்தேன்.

நாலு நாள் மாரடித்தேன். சிலதுக்கு இரண்டு கூட்டு, சிலதுக்கு ஒன்று கூட்டு, பத்துக்கும் படம் போட்ட தாள்களுக்கும் இரண்டு கழி. ஒரு தடவை கழித்தல் ஏழில் முடியும், அடுத்த தடவை கூட்டல் ஐந்தில் முடியும். ஒவ்வொரு தடவையும் எனக்கு அப்பாவின் முகம் வந்தது. ஐந்தாம் நாள் கொப்பியில் அந்தப் பக்கத்தைக் குறுக்கே வெட்டினேன்.

அடுத்தது நாக்-அவுட். இலேசான முறை, ஒன்று கூட்டு அல்லது ஒன்று கழி, இரண்டு என்ற பேச்சே இல்லை. ஆனால் அது பூச்சியத்தில் முடியாது. ஒரு கட்டு நாலில் முடியும் என்றார்கள். எனக்கு மூன்று வந்தது. திரும்பவும் மூன்று. நாலில் முடிகிற கணக்கு என்ன கணக்கு என்று அதன்மேல் பழியைப் போட்டு அதையும் வெட்டினேன்.

மிஞ்சியது ஹை-லோ. இரண்டு முதல் ஆறு வரை ஒன்று கூட்டு. பத்து முதல் ஏஸ் வரை ஒன்று கழி. ஏழு, எட்டு, ஒன்பது ஒன்றுமில்லை. எல்லோரும் முதலில் படிப்பது இதைத்தானாம். கழுதை கெட்டால் வருகிற இடத்துக்கு நானும் வந்து சேர்ந்தேன்.

ஒன்பது இங்கேதான் என்னைப் படுத்தியது. ஒன்பதைக் கண்டதும் மனம் தானாக எதையோ கழித்துவிடும். பிறகு கழித்தேனா இல்லையா என்று யோசிக்கும்போது இரண்டு தாள் போய்விடும். மூன்று நாள் இதே கூத்து. கடைசியில் என் தொழிலே கைகொடுத்தது. சின்னத் தாள்களை வானில் ஏறுகிற பிள்ளைகள் ஆக்கினேன். பெரிய தாள்கள் இறங்குகிற பிள்ளைகள். ஏழும் எட்டும் ஒன்பதும் தரிப்பில் வேறு பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்கள். அவர்களுக்கு நான் நிற்பாட்டவேண்டியதில்லை, கையைக் காட்டிவிட்டுப் போகலாம். ஒன்பதுக்கு மட்டும் கொஞ்சம் மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போவேன். அதற்குப் பிறகு ஒன்பது என் வானில் ஏறவில்லை.

இன்னொரு கோமாளித்தனத்தையும் சொல்லவேண்டும். முந்நூற்று நாலுக்கு முப்பத்திரண்டு தாள்தான் வேண்டும். புதுக் கட்டு வாங்கினதும் இரண்டு முதல் ஆறு வரையிலான இருபதையும் எடுத்து ஒதுக்கிவிடுவோம். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் றபர்பான்ட் போட்ட ஒரு சின்னத்தாள் கட்டு இருக்கும். என்னிடமும் இருந்தது. விளையாடித் தேய்ந்த என் முப்பத்திரண்டையும் அந்த இருபதையும் சேர்த்துத்தான் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் கிழமை என் வேகம் திடீரென்று கூடியது. எனக்கே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. பிறகுதான் பிடிபட்டது: நான் எண்களைப் பார்க்கவில்லை, ஊத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைத் தாள் என்றால் கூட்டல். கை பட்டுக் கறுத்த தாள் என்றால் மற்றது. முந்நூற்று நாலுக்காரனைத் தவிர உலகத்தில் எவனுக்கும் இந்தப் பிழை வந்திருக்காது.

தோட்டத்து மண்ணை உள்ளங்கையில் எடுத்து, கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டு, சின்னத் தாள்களை ஒவ்வொன்றாகத் தேய்த்து ஊத்தையாக்கினேன். மனைவி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்ட நாட்கள்தான் எனக்கு அதிகம் பயம் தந்தன.

அவள் எனக்காகத் தாள் பகிரவும் செய்தாள். சும்மா எண்ணினால் போதாது, விளையாட்டுக்குள் எண்ணவேண்டும் என்று வீடியோவில் சொன்னபடியால், பின்னேரங்களில் புளியங்கொட்டைகளை வைத்து விளையாடினோம். அவள் வீட்டுக்காரி, அதாவது கசினோக்காரி. பதினாறு வைத்துக்கொண்டு நான் நெற்றியைச் சுருக்க, அவள் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவள்போலப் பொறுமையாக அடுத்த தாளோடு காத்திருப்பாள். புளியங்கொட்டை எல்லாம் அவள் பக்கம்தான் போனது. மச்சான் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, கொழும்புக்கு எப்ப அத்தான் பயணம், நானும் பை தூக்க வரட்டோ என்றான். சனசமூக நிலையம் முழுக்க அந்தக் கதை பரவியது. நான் சிரித்தேன். அவனுடைய கண் வேம்பின் கீழ் நின்ற வானில் ஒருமுறை பட்டு வந்ததை மட்டும் நான் கவனிக்காமல் விடவில்லை.

மூன்றாம் கிழமை முடிவில் என் கை வந்துவிட்டது. ராசாவும் ஐந்தும் சேர்ந்து வந்தால் ஒன்றையொன்று அழித்துவிட்டுப் போகும். ஒன்பது தலையசைப்போடு போய்விடும். தாள்கள் விழ விழ, எண் உள்ளே தானாக ஏறி இறங்கியது. எல்லாம் சரி. ஆனால் முடிவு மட்டும் பூச்சியத்தில் வரவில்லை. கழித்தல் ஒன்று.

முதலில் ஏதோ தவறவிட்டேன் என்று மெதுவாக எண்ணினேன். கழித்தல் ஒன்று. காலையில் தலை தெளிவாக இருக்கும்போது எண்ணினேன். கழித்தல் ஒன்று. கட்டை நன்றாகக் கலைத்து எண்ணினேன், மனைவியைப் போடச்சொல்லி எண்ணினேன். கழித்தல் ஒன்று. எங்கேயோ ஒரு பிள்ளை ஏறியதை நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு பிள்ளை. 

பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள் இருந்தது. சனிக்கிழமை காலை மேசையில் இருந்து பதினொரு தடவை எண்ணினேன். பதினொரு தடவையும் கழித்தல் ஒன்று. வான் திறப்பை எடுத்து மேசையில் வைத்தேன். மச்சானுக்குப் போன் எடுக்கச் சொல்லி மனைவியிடம் சொன்னேன். அழுகை வந்தது, அதை மறைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அவள் போனைக் கையில் எடுத்துவிட்டு நின்றாள்.

"பதினொரு தரமும் ஒண்டுதானே குறையுது," என்றாள். "உங்கட அப்பா ஒரு நாளும் ஒரே பிழையை ரெண்டு தரம் விட்டதில்லையே."

அவள் சொன்னதை விளங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் எழுந்து பாயை விரித்தேன். எல்லாத் தாளையும் நாலு வரிசையாக, வகைவகையாகப் பாயில் பரப்பினேன். இஸ்பேட் பதின்மூன்று. ஆட்டின் பதின்மூன்று. டயமன் பதின்மூன்று. கிளாவர் பன்னிரண்டு. கிளாவர் இரண்டு இல்லை.

கட்டில் இருந்தது ஐம்பத்தொரு தாள். இருபது இருக்கும் என்று நம்பி, றபர்பான்டைக் கழற்றிய நாளில் நான் அதை எண்ணவே இல்லை. எண்ணுவதைப் படிக்க இருந்தவன் முதலில் எண்ணவேண்டியதை எண்ணவில்லை. கூட்டல் ஒன்று பெறுமதியான தாள் ஒன்று இல்லாத கட்டு கழித்தல் ஒன்றில்தான் முடியும், வேறு எதிலும் முடியாது. நாக்-அவுட்டில் நாலுக்குப் பதில் மூன்று வந்ததுகூட அதனால்தான். என் தலை ஒவ்வொரு தடவையும் சரியான விடையைச் சொல்லிக்கொண்டிருந்தது. நான்தான் அதை நம்பவில்லை.

மனைவி சிரித்தாள், நானும் சிரித்தேன். பிறகு அவள், அப்படியென்றால் கிளாவர் இரண்டு எங்கே என்று கேட்டாள். அலுமாரி, மேசை லாச்சி, சனசமூக நிலையத்தில் மேசைக் கால் ஆடாமல் தாள் மடித்து வைக்கிற இடம் என்று எல்லாம் யோசித்தேன். திடீரென்று ஞாபகம் வந்தது. முற்றத்துக்குப் போய் வானில் ஏறி, சாரதி சீற்றுக்கு மேலே வெயில் மறைக்கிற பலகையைக் கீழே இழுத்தேன்.

அங்கேதான் செருகியிருந்தது. வெள்ளை இடம் அதிகம் உள்ள தாள் என்று சின்னத்தாள் கட்டிலிருந்து இந்தக் கிளாவர் இரண்டை எடுத்து, அதில் நீலப் பேனையால் பெரிதாக 17 என்று எழுதியிருந்தேன். என் எழுத்துத்தான். இரண்டாம் தவணை தொடங்கிய நாள், புதுப்பிள்ளை சேர்ந்த நாள், பழைய பதினாறு பழக்கத்தில் வந்துவிடக்கூடாது என்று நானே எழுதிச் செருகியது.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தபோது அந்த நாள் முழுதாகத் திரும்பி வந்தது. வாய்க்கால் சந்தி. வழக்கமாக ஐந்து பேர் இறங்குகிற இடத்தில் நாலு பேர் இறங்கினார்கள். என் தலைக்குள் பதினாறு என்று வந்தது. பதினாறு. ஒன்று குறைகிறது என்று எனக்குத் தெரிந்தது. ஒரு நொடிதான், ஆனால் தெரிந்தது. நான் எண்ணினதில் பிசகு இருக்கும், யாராவது வேறெங்கோ இறங்கியிருப்பார்கள், பசிக்கிறது என்று வானைத் திருப்பினேன். இந்தப் பலகையை இழுத்துப் பார்க்கவில்லை. எழுந்து பின்சீற்றைப் பார்க்கவில்லை. பிறகு அந்தத் தாயின் முகத்தைப் பார்த்து, எண்ணினேன், சரியாகத்தான் இருந்தது என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கே அது உண்மைபோல இருந்தது. ஒரு மாதமாக நான் பயந்துகொண்டிருந்த வியாதி இல்லை இது. வியாதி என்றால் என்மேல் பிழையில்லை. இது என் பிழை.

வீட்டுக்குள் வந்து மனைவியிடம் சொன்னேன்.  அவள் சட்டையை மாற்றிக்கொண்டு போகச் சொன்னாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

போவதற்கு முன் கட்டை எடுத்துத் தொடர்ந்து பத்துத் தடவை எண்ணினேன். பத்துத் தடவையும் கழித்தல் ஒன்று. சொன்னது சொன்னதுதான், நான் வைத்த சோதனையை நான் முடிக்கவேண்டும்.

அந்தத் தாய் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை படியில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்விட்டது. தாய் கதிரை எடுத்துப் போட்டார், நான் இருக்கவில்லை.

"தங்கச்சி, அண்டைக்கு நான் சொன்னது பொய். எண்ணேக்க ஒண்டு குறைஞ்சது. எனக்குத் தெரியும். நான் பிசகா எண்ணிப்போட்டன் எண்டு விட்டிட்டு வந்திட்டன்."

அவர் கிணற்றடிப் பைப்பை மூடினார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார்.

"மறந்து போனனான் எண்டு சொல்லியிருந்தா அண்டைக்கே விட்டிருப்பன் அண்ணை," என்றார். "நீங்கள் எண்ணினனான் எண்டீங்கள். என்ர பிள்ளை உங்கட கணக்கிலயே இல்லையோ எண்டுதான் எனக்கு இருந்தது. எனக்கு எண்ண ஒண்டுதானே இருக்கு."

 ஒன்று குறைந்தால் இனி வானை எடுக்கமாட்டேன், எண்ணிக்கை சரியாக வந்தாலும் பின்சீற் வரைக்கும் நடந்து பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன் என்று சொன்னேன். பிள்ளையைத் திரும்ப அனுப்புங்கள் என்று கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இல்லை.  அவர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்தேன். சீனி போடாமல் தந்தார், அல்லது மறந்துவிட்டார்.

திங்கட்கிழமை வாய்க்கால் சந்தியில் நாலு பிள்ளைகள்தான் நின்றார்கள். செவ்வாயும் நாலு. புதன்கிழமை சைக்கிளும் நின்றது. தாய் பிள்ளையின் பையைத் தூக்கி முன்சீற்றில் வைத்துவிட்டு, என்னைப் பாராமல், பிள்ளைக்கு நித்திரை வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நான் தலையாட்டினேன். 

மத்தியானம் திரும்பி வரும்போது ஒவ்வொரு தரிப்பிலும் எண்ணினேன். சந்தியில் கடைசி ஐந்து பேரும் இறங்கினார்கள். பதினேழு. பலகையை இழுத்துக் கிளாவர் இரண்டைப் பார்த்தேன். எழுந்து பின்சீற் வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து இருந்தேன். அப்போது அந்தத் தாய் சைக்கிளை ஸ்டாண்டில் விட்டுவிட்டு, தன் பிள்ளை பக்கத்தில் நின்றுகொண்டிருக்க, வானுக்குள் ஏறினார். முதல் சீற்றிலிருந்து கடைசிச் சீற் வரை ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தார். பிறகு இறங்கிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார்.

இப்போது ஒரு வருடம் ஆகிறது. அந்தத் தாளை நான் கட்டோடு சேர்க்கவில்லை. என் கட்டு இன்னும் கழித்தல் ஒன்றில்தான் முடிகிறது, அதுதான் அதன் சரியான விடை. தோட்டத்தில் வேலை முடியப் பிந்துகிற நாட்களைத் தவிர அந்தத் தாய் இன்னும் சந்தியில் வானுக்குள் ஏறிப் பார்க்கிறார். அவர் பார்த்து இறங்கும்வரை நான் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவதில்லை.